கூட வருபவர்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, வழக்கறிஞர் வேலையை விட்டதற்கு வருத்தமில்லை. நீதிமன்றத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்காகத்தான் பேச முடிந்தது. இப்போது வாராவாரம், முகம் தெரியாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் நலவாழ்வு நிகழ்ச்சி எழுதித் தயாரித்து, நானே வழங்குகிறேன். "உடம்பு சொல்றதைக் கேளுங்க" என்று முடிப்பேன்.

என் உடம்பு ஒரு மாதமாகச் சொல்கிறது. மலத்தில் ரத்தம். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மார்ச் 6

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. மயக்க மருந்து தருவதால் துணைக்கு ஆள் வேண்டுமாம்.

"கூட யாரு வர்றாங்க?" மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வருவாங்க."

யார்?

மார்ச் 9

தம்பியைக் கேட்கலாம். கேட்க மாட்டேன். அப்பா போனதும் நான் எடுத்த முதல் நிகழ்ச்சி அவருடைய குடல் புற்றுநோயைப் பற்றியது. பார்த்துவிட்டு, "அப்பா சாவை டிவில போட்டு வித்துட்டல்ல" என்றான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அதைப் பார்த்துப் பரிசோதனைக்குப் போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் — என் வாதம் எப்போதும் தயார். எதிர்த்தரப்புதான் ஆஜராகவில்லை.

மார்ச் 10

போனில் பெயர்களைப் புரட்டினேன். விளம்பரப் பிரிவு, ஒளிப்பதிவாளர், மாடி வீட்டுக்காரர். மயக்கத்தில் உளறப்போகிற என்னை இவர்களில் யாரிடம் ஒப்படைப்பது?

மார்ச் 12

திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று முழுக்கப் பட்டினி, பேதி மருந்து, எல்லாம் வீண்.

"தம்பி கார் நிறுத்தப் போயிருக்கான்" என்றேன் நர்ஸிடம். கூச்சமே இல்லாமல் வந்தது பொய். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார், பாவம்.

"ஏன் மேடம், காரை வீட்டுல கொண்டுபோய் நிறுத்துறாரா?"

பிறகு குரலைத் தாழ்த்தி: "தனியா போகாதீங்க, யாரையாவது கூட்டிட்டுப் போங்கன்னு டிவில நீங்கதானே சொன்னீங்க. அதைக் கேட்டுத்தான் எங்கம்மா கூட நான் போனேன்."

எந்தச் சட்டத்தின் கீழ் இந்த விதி என்று கேட்க நாக்கு துடித்தது. உடை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14

எடிட்டிங் அறை. மறுஒளிபரப்பில் அந்தத் "தனியா போகாதீங்க" வரியை வெட்டச் சொன்னேன். எடிட்டர் நாற்காலியைத் திருப்பினார்.

"நல்ல வரியாச்சே. ஏன்?"

"ஆளில்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"டாக்ஸிக்காரரை அண்ணன்னு சொல்லி உக்கார வைப்பாங்க. நான் அப்படித்தான் பண்ணேன். மயக்கம் தெளிஞ்சு பாத்தா, மனுஷன் நர்ஸ்கிட்ட என் சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லிட்டிருக்கார்."

சிரித்தேன். நடுவில் எங்கோ சிரிப்பு வேறாகிவிட்டது. அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்ப மேடம்?"

"இன்னொரு தேதி வாங்கணும்."

"வாங்குங்க. அண்ணன் ரெடி."

வரியை வெட்டவில்லை. அதன் பின்னால் ஒன்று சேர்த்தோம்: கூட வர யாருமில்லையென்றால் எங்களுக்கு எழுதுங்கள்.

மார்ச் 21

ஆயிற்று. இரண்டு சிறு கட்டிகள். எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எடிட்டர் வாசல்வரை விட்டுப் போனார். வீடு அப்படியே இருந்தது.

மார்ச் 28

புற்று இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கும்.

"அப்பாவுக்கும் இருந்திருக்கு, உங்களுக்கும் வந்திருக்கு. கூடப் பிறந்தவங்க கட்டாயம் பாத்துக்கணும்" என்றார் மருத்துவர். "யாராவது இருக்காங்களா?"

"இருக்கான்."

என்ன சொல்வது? அவன் கத்தினால்? கத்தட்டும். வாதம் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.