குறுக்குப் பாதையின் மூன்றாம் சரணம்

வட்டவளை,
14.09.2025.

நிரஞ்சன் அவர்களுக்கு,

லெட்சுமி எழுதிக்கொள்வது. எப்படி ஆரம்பிப்பது என்று நேற்று முழுக்க யோசித்தேன். 'அன்புள்ள' என்று போட்டால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். 'ஐயா' என்று போட்டால் கல்விக் கந்தோர் அதிகாரிக்கு எழுதுவது மாதிரி இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் ஒன்றாக இருந்தபோது 'என்னாங்க' என்றுதான் கூப்பிட்டேன். அதைக் கனடாவுக்கு முத்திரை ஒட்டி அனுப்ப முடியாது. ஆகவே வெறும் பெயர். நான் நலம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் முறைக்கிறது. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விலாசம் கொடுத்தது இம்தியாஸ், கசெட் கடை ஹமீத் நானாவின் மகன். போன் நம்பரும் கொடுத்தான், வேண்டாம் என்றுவிட்டேன். உங்களோடு வாயால் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். நாம் பதிவு செய்த 'எட்டாம் நம்பர் மலை' கசெட்டின் மூல நாடா ஹமீத் நானா வீட்டு அலுமாரியில் கெடாமல் இருந்திருக்கிறது. அதை இன்டர்நெட்டில் போட வேண்டும் என்று இம்தியாஸ் ஒற்றைக்காலில் நிற்கிறான். அதோடு 'குறுக்குப் பாதை' பாட்டில் நான் பாடாமல் போன மூன்றாம் சரணத்தை இப்போது பாடித் தர வேண்டுமாம். முப்பத்து மூன்று வருஷம் கழித்து! குரல் இருக்கட்டும், வரிகள் எங்கே என்று கேட்டேன். "அது அவருக்கு மட்டுந்தானே தெரியும் டீச்சர். நீங்க எழுதினா அனுப்புவாரு" என்றான். வருகிற சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நான் யோசிக்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது உங்களுக்குத் தெரியும், பாவம் அவனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுகிறவள் நான். இரண்டு சரணம் முடிந்து, மூன்றாவதில் குரலே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும்போது, எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளையின் தாய், "டீச்சர், நீங்க கோவிச்சுக்கிட்டுப் போன பாட்டுதானே அது?" என்று கேட்டாள். எனக்குக் காது சுட்டுப்போனது. ஓடிப்போனவள் இவள்தான் என்று மலை முழுக்கத் தெரியட்டும் என்றுதான் நீங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு மண்டபம் எடுத்து, கசெட்டைக் கேட்டு வளர்ந்தவர்களை எல்லாம் இம்தியாஸ் வரச்சொல்லியிருந்தான். இருபது பேர் வருவார்கள் என்று பார்த்தால் நாற்காலி போதவில்லை. மழை வேறு கொட்டியது. யோகேஸ்வரன் நுவரெலியாவில் இருந்து வந்திருந்தார். உங்களுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்த மெலிந்த மனுஷன் இப்போது தொந்தியும் தொப்பியுமாக மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அவர் அப்போதும் அப்படித்தான்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஒன்று சொல்கிறேன், நம்பமாட்டீர்கள். அந்தக் காலிச் சரணத்தை இவர்கள் யாரும் காலியாக வைத்திருக்கவே இல்லை. ஆளுக்கொரு வரி போட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மஸ்கெலியா பஸ்ஸில் கண்டக்டராக இருந்த செல்லசாமி அந்த மெட்டில் டிக்கோயா, நோர்வூட் என்று பஸ் நிற்கிற இடங்களை எல்லாம் வரிசையாகப் பாடிக் காட்டினார். பஸ்ஸில் கசெட் ஓடும்போது அந்த இடத்தில் பிரயாணிகளும் சேர்ந்து பாடுவார்களாம். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஏச்சு வாங்கியவர்களும் உண்டாம். சுலக்ஷனா என்று ஒரு நர்ஸ் பிள்ளை, கசெட் வந்தபோது பிறக்கக்கூட இல்லை. "எனக்கு அந்த எடத்துல யாரையாச்சும் திட்டணும் டீச்சர். திட்டி முடிக்கவும் கோரஸ் வரவும் சரியா இருக்கும்" என்றாள். மண்டபமே சிரித்தது, நானும்தான்.

பிறகு நம் பக்கத்துத் தோட்டத்து ராக்காயி அக்கா எழுந்தார். தேயிலைக் கொழுந்து எடுத்துப் பென்ஷன் வாங்கியவர். மகனைப் பதினாறு வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு மலையில் நிற்கும்போது பாடியதாம்:

கொழும்புக் கட வேலையில
குளுரு தெரியலையா
குறுக்குப் பாத மறந்துபோனா
கூப்பிடு நான் வாரேன்.

மைக்கை வாங்காமல், கூச்சப்படாமல், சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடினார். மகன் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

இவர்களுக்கு அது காதல் கசெட். அதைக் கேட்டுக் கல்யாணம் செய்தவர்கள் மட்டும் அங்கே ஏழு சோடி. அது எப்படிப் பிறந்தது என்று சொன்னால் அடிக்க வந்திருப்பார்கள். ஹமீத் நானா கடையின் பின் அறை, சுவரெல்லாம் கம்பளி, ரெயில் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். இருந்தது ஒரே ஒரு மைக். கடைசி வாரம் நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் முகத்துக்கு முகம் ஒரு சாண் தள்ளி நின்று பாட வேண்டும். "யோகு, ரெண்டாவது வரிய ஏத்திப் பாடச் சொல்லு" என்பீர்கள். "ஏத்தினா அவரு கிட்டார் சத்தத்தக் கொறைக்கணும்னு சொல்லுங்கண்ணே" என்பேன். உங்கள் மூச்சு என் நெற்றியில் பட்டுக்கொண்டிருக்கும். சிங்கிமலை பாய்ஸ் என்று பெயர் வைத்த நம் குழுவில் ஒரு பெண் எப்படி இருந்தாள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எப்படி இருந்தேன் என்று எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் கொழும்பு ஹோட்டலில் வாசிக்கப் போகலாம் என்றீர்கள். நான் ஆசிரியர் நியமனம் வரட்டும் என்றேன். என்னோடு பரீட்சை எழுதியவர்களுக்கு எல்லாம் கடிதம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. தோட்டத்து ஆபீஸில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று தினமும் உங்களைத்தான் அனுப்பினேன். கடைசி நாள், கம்பி அறுந்துவிட்டது, பெட்டியில் இருந்து புதுக் கம்பியை எடுத்துத் தரச் சொல் என்று யோகேஸ்வரனிடம் சொன்னீர்கள். நான் கிட்டார் பெட்டியைத் திறந்தேன். கம்பிக்குக் கீழே என் பெயர் போட்ட அரசாங்க உறை, உடைத்திருந்தது. கடமையேற்க நான்கே நாள் இருந்தது. மறந்துபோய்த்தான் பெட்டியைத் திறக்கச் சொன்னீர்களா, நான் பார்க்கட்டும் என்றா, இன்றும் எனக்குத் தெரியாது.

உங்கள் கோபம் தெரியும், உங்கள் பிடிவாதம் தெரியும். கடிதத்தை ஒளித்து வைப்பீர்கள் என்று தெரியாது. அதற்கு நான் மனம் நொந்த மாதிரி வேறு எதற்கும் நொந்ததில்லை. நீங்கள் செய்தது இன்றும் தப்புத்தான்.

என் கையில் உறையைப் பார்த்தீர்கள். மூலையில் உட்கார்ந்து ஒரு தாளில் எதையோ எழுதி, மூன்றாம் சரணம் என்று நீட்டினீர்கள். வாங்கினேன். படிக்காமலே நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை ஹமீத் நானா இந்தக் கூட்டத்தில்தான் சொன்னார். அவருக்கு இப்போது காது கேட்பதில்லை, அதனால் கத்திச் சொன்னார். கசெட்டுக்கு முதல் போட்ட முதலாளி, கொழும்பில் இருந்து வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து மிச்சத்தைப் பாட வைப்போம் என்றாராம். நீங்கள் மைக் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டீர்களாம். "இது அவட எடம், அவ பாடாட்டி யாரும் பாட வேணான்டு நிரஞ்சன் சொன்னான்" என்றார். பிறகு அந்தச் சரணம் முழுக்க, யாரோ பாடுகிறார்கள் என்பது போல, அந்தக் குரலுக்கு வழி விட்டுச் சத்தம் குறைத்து வாசித்தீர்களாம்.

வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அந்த இடத்தை எழுந்து போகாமல் கேட்டேன். நானா சொன்னது உண்மை. வரி முடிய வேண்டிய இடத்தில் எல்லாம் எனக்கு மூச்சு வாங்க நேரம் விட்டிருக்கிறீர்கள். என் மூச்சு எவ்வளவு நீளம் என்று உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? முப்பத்து மூன்று வருஷம் தப்பாக நினைத்துவிட்டேன். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இம்தியாஸுக்கு இன்று காலை பதில் சொல்லிவிட்டேன். பாடமாட்டேன். அது இப்போது ராக்காயி அக்காவின் இடம், செல்லசாமியின் இடம், திட்டுகிற அந்தப் பிள்ளையின் இடம். நான் போய் அதில் நின்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் விளங்கிக்கொண்டான். ஆகவே பாட்டுக்காக நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.

எனக்கு அனுப்புங்கள்.

அன்றைக்குக் கோபத்தில் கிழித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கோபம் இருந்தது. ஆனால் வாயால் சொல்ல முடியாததை நீங்கள் பாட்டில்தான் எழுதுவீர்கள். 'மன்னிச்சிரு' என்று அதில் ஒரு வார்த்தை இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன், பஸ் போயிருக்கும், நான்கு நாளும் போயிருக்கும். அந்தப் பயத்தில்தான் கிழித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கு ஒரு நாளும் நான் வருந்தவில்லை. படிக்காததற்கு வருந்துகிறேன்.

அதில் என்ன எழுதியிருந்தீர்கள்? மெட்டுக்குச் சரியாக வர வேண்டாம். மறந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள், அதையும் படிப்பேன். இந்தத் தடவை உறையைப் பத்திரமாகப் பிரிப்பேன்.

அங்கே குளிர் தொடங்கப்போகிறது என்று இம்தியாஸ் சொன்னான். நெஞ்சுச் சளி உங்களுக்கு ஆகாது, கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

பள்ளிக்கூடத்தில் பலமுறை மாற்றச் சொல்லியும் நான் மாற்றாத பெயரையே கீழே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லெட்சுமி நிரஞ்சன்