யோசிக்காமல் அழுத்தவும்

இன்று காலை உன் ஹெல்மெட்டை எடுக்க வேண்டி வந்தது. பரிமளாவின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடக்கிறது, சிங்கப்பூர் வரை என் மோட்டாரில் வருவதாகச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் நீ மாட்டியது மாட்டியபடி இருந்தது. அவளுக்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டு உன்னுடையதை நான் போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் ஆகியும் உள்ளே உன் தலை எண்ணெய் வாசம் போகவில்லை. வெந்தயம் ஊறப்போட்ட தேங்காயெண்ணெய், கொஞ்சம் வேர்வை, மழையில் நனைந்து காய்ந்த பஞ்சு. நம் பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து சிங்கப்பூர் போகும் பாலம் வரைக்கும் அந்த வாசத்துக்குள்ளேயே போனேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றேன், பச்சையில் கிளம்பினேன்.

பரிமளா யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸில் என் பக்கத்து மேஜை. நீ எனக்குப் பொரித்துக் கட்டிக் கொடுக்கும் கறிபாப்பில் பாதியைத் தின்றுவிட்டு, "ஒங்க அக்கா கைக்கு வளையல் போடணும்" என்பாளே, அவள்தான். அவளுக்கு நீ என் பெரியம்மா மகள். பாலம் தாண்டியும் எல்லோருக்கும் நீ என் பெரியம்மா மகள்தான்.

உனக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் சின்னதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஆபீஸில் எங்கள் எல்லோரையும் கணினி முன்னால் உட்காரவைத்து ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்தின் உத்தரவாம். நமக்குத் தெரியாமலே நம் மனதுக்குள் உட்கார்ந்திருக்கும் சாய்வுகளை அது கண்டுபிடித்துவிடுமாம். நிறத்துக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று என்று பல இருக்கின்றனவாம். எங்களுக்கு வாய்த்தது, யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஆணும் பெண்ணும், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் நல்ல மாதிரி. மென்மையான குரல். "சரி, தப்பு எதுவும் கிடையாது. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அழுத்துங்கள். யோசிக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் மேஜைக்கடியில் என் காலை மிதித்திருப்பாய். யோசிக்காதே என்று சொல்வது நம் வீட்டில் உன் வேலையாயிற்றே.

ஞாபகம் இருக்கிறதா? இந்த வீட்டுக்கு வாடகை பேச வந்த அன்று, வீட்டுக்காரச் சீனர் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நீதான் சிரித்துக்கொண்டே பெரியம்மா மகள் என்று மலாயில் சொல்லி முடித்தாய். படி இறங்கும்போது என் முழங்கையைக் கிள்ளினாய். "சட்டுனு சொல்லணும்டி. யோசிச்சா மாட்டிக்குவோம்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது உன் பயிற்சி. அரிசி கழுவிக்கொண்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் வந்து "யாரு இவங்க?" என்பாய். "அக்கா" என்பேன். தலை துவட்டும்போது கேட்பாய். பாதித் தூக்கத்தில் கேட்பாய். கொஞ்சம் இழுத்தால் போச்சு, அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது என் வேலை. ஊருக்கு அக்கா தங்கச்சி, பாலோவில் உன் அம்மா வீட்டுக்கு மட்டும் கூடத் தங்கியிருக்கும் சிநேகிதி. எங்கே எதைச் சொல்வது என்று நான் குழம்பிய காலம் உண்டு. பிறகு குழப்பமே இல்லை. இங்கே கேட்டால் இது, அங்கே கேட்டால் அது. கை தானாகப் போய் விளக்கைப் போடுவதுபோல ஆகிவிட்டது.

திரையில் இரண்டு பக்கம். இடது விரலுக்கு ஒரு பட்டன், வலது விரலுக்கு ஒரு பட்டன். நடுவில் ஒரு படமோ ஒரு சொல்லோ வந்து நிற்கும். கல்யாணக் கேக்கின் மேல் வைக்கும் பொம்மை ஜோடி, மாப்பிள்ளையும் பெண்ணும். பிறகு இரண்டு பாவாடை பொம்மை, கையைப் பிடித்துக்கொண்டு. சொற்கள் என்றால் அருமை, இன்பம், கேவலம், நாற்றம் இந்த மாதிரி. முதல் சுற்றில் மாப்பிள்ளை பெண்ணும் நல்ல சொற்களும் ஒரே பட்டனில். பாவாடை பொம்மைகளுக்கும் கேவலத்துக்கும் இன்னொரு பட்டன். என் விரல் பறந்தது. அடுத்த சுற்றில் மாற்றிவிட்டார்கள். பாவாடை பொம்மைகளும் இன்பமும் ஒரே பக்கம். விரல் நின்றது. தவறான பட்டன், சிவப்புப் பெருக்கல் குறி. மறுபடியும் சிவப்பு.

முடிவில் எழுதிக் காட்டியது: ஆண் பெண் ஜோடிகளின் பக்கம் எனக்கு மிதமான சாய்வு இருக்கிறதாம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. வெட்கமும் இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட பிறகு ஈறைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. நீ போனதிலிருந்து அநேகமாக எல்லாமே எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

பக்கத்தில் பரிமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அலமாக், எனக்குச் சாய்வே இல்லையாம். எங்க மாமியார்கிட்ட யாராச்சும் சொல்லுங்க லா." பிறகு என் திரையை எட்டிப் பார்த்தாள். "ஒனக்கு இருக்கா? பரவால்ல லா. நாம எல்லாம் அப்படித்தானே வளந்தோம்."

"ஆமா" என்றேன். சட்டென்று.

அன்று மாலை பாலத்தில் மோட்டார்களோடு மோட்டாராக ஊர்ந்து வரும்போதுதான் யோசித்தேன். இத்தனை வருடம் உன்னோடு ஒரே பாயில் தூங்கியவளின் விரல் எதற்கு நின்றது? உன்னைக் கேவலம் என்று என் உள்ளம் நினைக்கிறதா? அப்படி இருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நீயும் கண்டுபிடித்திருப்பாய். அந்தப் பொம்மைகளைப் பார்த்ததும் என் கை செய்தது அதற்குத் தெரிந்த ஒரே வேலையை. மறைத்தது. நீ பழக்கியதுதான், அதில் எனக்கு உன் மேல் வருத்தம் இல்லை. அந்தப் பழக்கம் இல்லாமல் இந்த ஊரில் நாம் குடியிருந்திருக்க முடியாது.

கடைசியிலும் அதுதான் உதவியது. டெங்கிக் காய்ச்சலில் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனபோது கதவருகே நர்ஸ் மிஸி என்னை நிறுத்தினாள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்றாள். "அடிக் டியா கே?" உன் தங்கையா என்று கேட்கிறாள். "யா, அடிக்" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். கட்டிலில் கிடந்தபடியே நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். நூற்றுக்கு நூறு என்று அர்த்தம். உன் அம்மா பாலோவிலிருந்து வந்து சேரும் வரைக்கும் உன் பக்கத்தில் நான் உட்கார முடிந்தது அந்த ஒரு பதிலால்தான்.

அம்மா வந்த பிறகு நான் எழுந்து நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்தேன். உன் உடலைப் பாலோ வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றேன். "பாவம், கூட இருந்த பொண்ணு" என்று யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். ஆபீஸில் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாகச் சொன்னேன்.

இப்போது பெரிய விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பாலோவில் உனக்கு வருஷத் திதி. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாவே போன் செய்து கூப்பிட்டார்கள். வழியில் உனக்குப் பிடித்த ஓத்தாக் ஓத்தாக் வாங்கிக்கொண்டேன், இலையில் மடித்துச் சுட்ட மீன், அந்தக் காரத்துக்கு நீ கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே தின்பாயே. கூடத்தில் உன் படம். நீ அந்தப் படத்தை வெறுத்தாய், மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று. அதற்குத்தான் மாலை போட்டிருந்தார்கள். இலையில் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, நான் கொண்டுபோன ஓத்தாக் ஓத்தாக்.

உங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படையல் போட்டதும் தணலில் சாம்பிராணி போடுவார்கள், நெருங்கிய உறவு முதலில், மற்றவர்கள் பிறகு. உன் தம்பி கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டான். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். சிகாமட்டிலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா, போன வருடம் வெள்ளத்தால் சாவுக்கு வர முடியாமல் போனவர்கள், என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ யாரும்மா அவளுக்கு?"

சிநேகிதி என்று சொல்ல வேண்டும். பாலோவில் கேட்டால் அந்தப் பதில். ஒரு வார்த்தைதான். அது வரவில்லை. அந்தச் சீனர் முன்னால் நின்றதுபோல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பெரியம்மா காத்துக்கொண்டிருந்தார்கள். உன் தம்பியும் திரும்பிப் பார்த்தான்.

"தம்பி, இரு" என்றார்கள் உன் அம்மா. "அந்தக் கிண்ணத்த அவகிட்ட குடு. அவ மொதல்ல போடட்டும்."

"இவளா? பெத்தவ நீ இருக்கும்போதா?" என்றார்கள் பெரியம்மா.

"அவ போடட்டும்க்கா" என்றார்கள் அம்மா. தம்பி கிண்ணத்தை நீட்டினான். நான் போட்டேன். புகை எழுந்து உன் பெரிய மூக்கை மறைத்தது. எனக்குப் பிறகு அம்மா, அதற்குப் பிறகு தம்பி.

சாப்பாடு முடிந்து சமையலறையில் அம்மாவும் நானும் பாத்திரம் கழுவினோம். நம் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு அம்மா வந்து தங்கியது நினைவிருக்கும். முந்தின நாள் நீ அந்தச் சின்ன அறையைத் தயார் செய்தாய். யாருமே படுக்காத கட்டில் அது, பார்க்கிறவர்களுக்காகப் போட்டது. விரிப்பைக் கசக்கினாய், போர்வையைச் சுருட்டிப் போட்டாய், என் சீப்பைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாய். "பாத்தியா, நீ படுத்து எழுந்திரிச்ச மாதிரியே இல்ல?" என்று உனக்கு நீயே மெச்சிக்கொண்டாய். அம்மாவை அங்கே படுக்க வைத்தோம்.

"அன்னைக்கு ஓம் ரூமுன்னு சொல்லி என்னைய படுக்க வச்சாளே" என்றார்கள் அம்மா, தட்டைத் தேய்த்துக்கொண்டே. "தலகாணியில தல வச்சேன். ஒரு எண்ணெக் கறை கெடையாது. நீயும் அவளும் தெனம் எண்ணெ வைக்கிற புள்ளைங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் கை ஓடவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அவகிட்ட கேக்கலியாம்மா?"

"கேட்டா சட்டுனு ஏதாச்சும் சொல்லிருவா. எம் மக எங்கிட்ட பொய் சொல்ல வேணாம்னு கேக்கல." குழாயை மூடினார்கள். "கேட்டிருக்கலாம்."

இதை உன்னிடம் யார் சொல்வது? நீ விரிப்பைக் கசக்கினாய், தலையணையை மறந்துவிட்டாய். அத்தனை சாமர்த்தியம் உனக்கு, அம்மாவை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால் பாலோவுக்குப் போகும்போதெல்லாம் நீ பயந்துகொண்டே உட்கார்ந்திருக்க மாட்டாய். அதை நினைத்தால் மட்டும் எனக்கு வலிக்கிறது. மரத்த இடத்தில் அந்த ஒரு புள்ளி வலிக்கிறது, அது எனக்குப் போதும்.

அந்தச் சின்ன அறையில் இப்போது நான்தான் படுக்கிறேன். நம் அறையில் தூக்கம் வரவில்லை. அந்தத் தலையணையில் கறை படிந்துவிட்டது.

இனி இன்றைய காலைக்கு வருகிறேன். பாலத்துக்கு முன்னால் வழக்கமான நெரிசல், மோட்டார்கள் கைப்பிடியும் கைப்பிடியும் உரச நின்றன. பின்னால் பரிமளா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காதருகே குனிந்து கேட்டாள்.

"நீ போட்டிருக்கிறது ஒங்க அக்காவோடதா?"

அக்கா என்பது நுனி நாக்கில் தயாராக இருந்தது. ஆமாம் என்றால் முடிந்தது. நாளைக்கும் அவள் என் பக்கத்து மேஜை, நாளைக்கும் பேச்சு, சிரிப்பு. முன்னால் வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான்.

"அவளோடதுதான்" என்றேன். "ஆனா அவ எனக்கு அக்கா இல்ல, பரி. நாங்க சேந்து வாழ்ந்தோம்."

அவள் கை என் தோளில் இருந்தது. எடுப்பாள் என்று காத்திருந்தேன். மறுபடியும் ஹாரன்.

"முன்னாடி போ" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஹாரன் அடிக்கிறான் பாரு." கையை எடுக்கவில்லை. ஆபீஸ் வரைக்கும் எடுக்கவில்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கொஞ்சம் இருக்கிறது. உன் ஹெல்மெட்டை ஆணியில் திரும்ப மாட்டவில்லை, மேஜை மேல் என் பக்கத்தில் இருக்கிறது. அடுப்பில் உலை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போய் அரிசி கழுவ வேண்டும். பின்னால் வந்து "யாரு இவங்க?" என்று கேட்டுப் பார். முன்போல உடனே வராது, கொஞ்ச நேரம் எடுக்கும். எடுத்தாலும் சரியாகச் சொல்வேன்.