சூட்டைப் பார்க்கும் கமரா

செல்லத்துக்கு,

வடதுருவப் பக்கம் எடுத்த படங்களை இதனோடு வைத்திருக்கிறேன். அங்கே செடிகள் விரலளவுதான். அவ்வளவு குளிரிலும் சூட்டைப் பார்க்கும் கமராவில் சுற்றிவர நீலமாகவும் பூவின் நடு மட்டும் மஞ்சளாகவும் தெரியும். ஒரு மொட்டு விரிவதைப் பார்க்க முழுநாளும் ஈரத்தரையில் குப்புறக் கிடந்தேன்.

நீ பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு அல்பத்தை மாமி அனுப்பியிருந்தா. படக்காரர் வடிவாகத்தான் எடுத்திருக்கிறார். தண்ணீர் வார்க்கும் படத்தில் மட்டும் நீ அவரைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கிறாய்.

நாள் குறித்தபோது "அம்மா, நீங்களே படம் எடுங்கோவன்" என்று கேட்டாய். "நான் சாமத்தியவீட்டுப் படம் எடுக்கிற ஆளில்லை" என்று சொல்லிவிட்டு அந்தக் கிழமையே இந்தப் பூக்களைத் தேடிப் பயணம் போனேன்.

நான் திரும்பி வந்தபோது நீ லா ஷோ-து-ஃபோன் நகருக்கு, அப்பாவோடு இருக்கப் போய்விட்டிருந்தாய்.

சனிக்கிழமை உடுப்பெடுக்க பீலில் இருக்கிற நம் வீட்டுக்கு வந்தபோது உன் கட்டிலில் கொஞ்சநேரம் இருந்தாய். அப்பா கீழே ஹோர்ன் அடித்தார். "போட்டு வாறன்" என்றாய். எப்போது என்று கேட்காமல் உன் உடுப்புப் பையை எடுத்துத் தந்தேன்.

கதவு சாத்தியதும் கமராவைக் கட்டில் பக்கம் திருப்பினேன். நீ இருந்த இடம் மஞ்சளாக இருந்தது. அது நீலமாகும்வரை பிடித்தபடியே நின்றேன். படம் எடுக்கவில்லை. இந்த முறை நீ கேட்கவில்லையே.

அம்மா