பின்சீட்டுக்காரியின் கார்

மார்ச் 3, ஞாயிறு

கொட்டகைக் கதவைத் திறந்து, காரின் பின்சீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தூசி வழியாக வெயில் தேன் நிறத்தில் இறங்கியது. வெளியே மேகம் நகர்ந்தபோது கார்தான் நகர்கிறது என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். எங்கே போகிறோம் என்றுகூட யோசிக்கவில்லை.

அப்பா இருந்திருந்தால், "பின்சீட்டு மகாராணி கிளம்பியாச்சா?" என்று கேட்டிருப்பார். சின்ன வயதிலிருந்தே என் இடம் அதுதான். முதலில் அப்பா ஓட்ட, பக்கத்தில் அக்கா. பிறகு அக்கா ஓட்ட, பக்கத்தில் அப்பா. இந்தக் காரில் எனக்குத் தெரிந்தது இரண்டு பின்னந்தலையும் ஒரு ஜன்னலும்தான்.

அப்பா போய் ஒரு வருஷம். காரை எங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷமே அக்காவுக்கு நரம்பு நோய் வந்து இடது கால் விளங்காமல் போனது. ஆஸ்பத்திரி தவிர அவள் வாசல் தாண்டுவதில்லை. சாப்பிடும்போது சொன்னாள்: "ஓட்டுறதுன்னா ஓட்டு, இல்லன்னா வித்துடலாம். நிக்கிற காரை என்னால பாக்க முடியலடி. மே கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்."

எனக்கு ஓட்டவே தெரியாதே!

மார்ச் 5

மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினேழு வருஷம். இதுவரை நான் முடுக்கிய திருகெல்லாம் கடுகளவு. அப்பாவின் அலமாரியில் காரின் கையேடு கிடைத்தது. அதில் இருக்கிறபடி செய்தால் போதும். அச்சடித்தவன் பொய்யா சொல்வான்?

மார்ச் 10

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். இரண்டு பாகம் மிச்சம்.

எதிர்வரிசை லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "விடும்மா, வண்டிக்கு எடை குறைஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை.

மார்ச் 17

இன்று பெடல்கள். கிளட்ச் பெடல் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கம்பி சுற்றியிருந்தது. கையேட்டைப் புரட்டினேன், அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எந்த மெக்கானிக்கின் அவசர வேலையோ! கம்பியை வெட்டி எடுத்துவிட்டேன். கட்டை வீண்போகவில்லை, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கச்சிதமாக இருக்கிறது. பெடல் இப்போது படத்தில் இருப்பது போலவே இருக்கிறது. எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7

ஓடியது! பதினொரு நொடி. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இன்ஜின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

அக்கா கொட்டகைக்கு வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். கீழே குனிந்து பார்த்தாள்.

"கட்டை எங்கடி?"

"எந்தக் கட்டை?"

"கிளட்ச் கட்டை. கால் எட்டலன்னு நான் அழுதப்போ அப்பா செஞ்சு குடுத்தது."

கையால் காட்டினேன். பின்சக்கரத்தடியில் எண்ணெயும் மண்ணுமாக, ஓரம் பிளந்து கிடந்தது. அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போகட்டும் விடு. இனிமே யாரு மிதிக்கப் போறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன வேல பண்ணித் தொலச்சிட்டேன்! எத்தனை வருஷம் இந்தக் காரில் போயிருக்கிறேன் - ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் எட்டிப் பார்த்திருந்தால்? கட்டையைத் துடைத்தேன். அவள் பாதம் பட்ட இடம் மட்டும் வழுவழுவென்று இருக்கிறது.

ஏப்ரல் 15

கடையில் வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இடது வில்லையை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டு அசடு வழிந்தேன். ஒரே யோசனை. அவளுக்குக் கால் எட்டவில்லை என்றதும் அப்பா காரைத்தானே மாற்றினார்? கையேட்டையா பார்த்தார்?

மாலையில் லேத் பட்டறைக்காரரிடம் கேட்டேன். "கிளட்ச்சைக் கையால பிடிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"பைக்ல பிடிக்கிறாங்களே" என்றார்.

ஏப்ரல் 28

கியர் தண்டில் பைக்கின் கிளட்ச் பிடியை மாட்டி, அதிலிருந்து கேபிள் இழுத்தோம். இரண்டு கையாலும் தொங்கினாலும் அசையவில்லை. பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். நான் நகத்தைக் கடித்தேன்.

மே 2

கண்டுபிடித்துவிட்டேன். கடையில் குட்டைக் குறடு கையை நோகடிக்கும், நீளப் பிடி வைத்தது நோகடிக்காது. கிளட்ச்சை நெம்பும் கம்பியும் குட்டைதானே? அதை இரண்டு மடங்கு நீளமாக்கித் தரச் சொன்னேன். "படிக்காமலே இன்ஜினியரா!" என்றார். இப்போது ஒரு கையால் பிடிக்க முடிகிறது.

மே 5

மத்தியானம் அக்கா தூங்கும்போது கடை அளவுகோலால் அவள் உள்ளங்கையை அளந்தேன். ஒரு கண்ணைத் திறந்தாள். "மூக்குக் கண்ணாடி கைக்குமாடி?"

"தூங்கு."

மே 18

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து சோதனை அதிகாரி வந்து காரைப் பார்த்து, மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

மே 19, ஞாயிறு

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கியர் தண்டின் தலையில் அந்தக் கட்டைதான் - பிளந்த ஓரத்தைச் சீவி, அவள் கையளவுக்குச் செதுக்கி, வழுவழுப்பான பக்கம் கட்டைவிரலுக்கு வரும்படி வைத்திருக்கிறேன். பிடித்துப் பார்த்தாள். விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"அப்பா கட்டை" என்றாள்.

"ஆமாக்கா."

இன்ஜினைப் போட்டாள். நான் பழக்கதோஷத்தில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கார் குலுங்கி நின்றது. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை கொட்டகை வாசல் வரை ஊர்ந்து அங்கேயும் நின்றது. சாவியைத் திருப்பி எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மே 27

அக்கா காரைப் பற்றிப் பேசவில்லை. யாருடனோ போனில் பேசினாள், நான் வந்ததும் வைத்துவிட்டாள்.

மே 31, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். கொட்டகை திறந்து கிடந்தது. கார் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

வித்துட்டா. சொன்ன தேதியில வித்தேபுட்டா. என்னிடம் ஒரு வார்த்தை - எனக்கும்தானே எழுதி வைத்தார்? அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து உள்ளே போனால் சாப்பாட்டு மேசையில் துண்டுச்சீட்டு. அக்காவின் கையெழுத்து. "மகாராணிக்கு: பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன். மணி 3."

பால் கடை தெருமுனையில்தான். இப்போது ஐந்தரை.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு பாக்கெட் பால், பிரிக்காமல் இருந்தது.