பள்ளிப்பட்டுக்குப் போகாத நாலு நாள்

அக்கா,

இன்று காலையில் நம் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்திருந்தார். இப்போதெல்லாம் யார் வீட்டில் பித்தளை இருக்கிறது? அவர் குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு வேகம் வந்து, பரண்மேல் கிடந்த பெரிய தூக்கை இறக்கச் சொல்லி அவர் முன்னால் வைத்துவிட்டேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டு, இதில் யாருக்குச் சோறு கட்டினீர்கள், பட்டாளத்துக்கா என்று கேட்டாள். நாலு பேருக்கு என்றேன். அவள் நம்பவில்லை. நம்பக்கூடிய ஆள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனும் தம்பியும் திருத்தணி மலையடிவாரத்துச் சத்திரத்தில் சமையல். அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான். கோடையில் மலைக்கு வருகிற கூட்டம் குறைந்ததும் அவர்களுக்குப் பதினைந்து நாள் ஓய்வு கிடைக்கும். உடனே இரண்டு மாட்டுவண்டி கட்டி, கைக்குழந்தைகளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் பள்ளிப்பட்டில் இருந்த மாமனாரின் மாந்தோப்புக்குக் கிளம்பிவிடுவோம். ஆண்கள் மரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்குவார்கள். பிள்ளைகள் சட்டையெல்லாம் மாம்பால் கறையோடு திரிவார்கள். நீங்களும் நானும் மட்டும் திருத்தணி அடுப்பை விட்டுப் பள்ளிப்பட்டு அடுப்புக்கு மாறியிருப்போம். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நாம் ஆறிப்போனதை வழித்துச் சாப்பிடும்போது அடுத்த வேளைக்கு அரிசி களைய நேரமாகிவிடும். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தமும் சிரிப்பும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு இன்னொரு ஆசையும் முளைத்தது. நானும் அவரும், எங்கள் இரண்டு பிள்ளைகளும் மட்டும் பட்டணம் போய்க் கடல் பார்க்க வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பகலில் எங்களுக்குள் நடந்த பேச்சு, தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதோடு சரி. அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அண்ணியைக் கேள் என்று சொல்லிவிட்டு மனுஷன் சத்திரத்துக்கு ஓடிவிட்டார். தைரியசாலி!

உங்களைக் கேட்பதுதான் எனக்குக் கஷ்டம். உங்களுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகள் இரண்டும் உங்கள் இடுப்பிலேயே வளர்ந்தவர்கள். வண்டியில் உங்கள் மடிக்கு அடித்துக்கொள்வார்கள். அந்த மடியைக் காலி பண்ணிக்கொண்டு போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கிணற்றடியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நீங்கள் மூன்று நாள் பேசவில்லை. அம்மிக் குழவியை நீங்கள் போட்ட சத்தத்தில், கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் விறகை அடுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னீர்கள்: "போய்ட்டு வாடி. அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா நாலு நாளும் முழுசா இருந்துட்டுத்தான் வரணும்."

மறுநாளே உங்களுக்குக் கால் வீங்கிவிட்டது. வண்டியில் உட்கார முடியாது, பள்ளிப்பட்டுக்கு வரவில்லை என்றீர்கள். மற்றவர்கள் வண்டியில் போக, துணைக்கு உங்கள் வீட்டுக்காரர் பாவா மட்டும் இருந்துகொள்வார் என்று முடிவாயிற்று. பிள்ளைகள் இல்லாமல் மாந்தோப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நீங்கள் வெறுத்துப்போனதாகத்தான் எனக்குப் பட்டது. நான் போகவில்லை அக்கா என்று அழுதேன். கட்டின மூட்டையை அவிழ்க்காதே என்று அதட்டி அனுப்பினீர்கள்.

அப்போது நம் ஊர் ஆந்திராவோடு சேர்ந்திருந்தது. வேறு ராஜ்யத்துக்குப் போகிறோம், வழியில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று அவரே புளிச்சோறு கிளறினார். இருநூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அளந்து போடுகிற கை அது. நாலு பேருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியவே தெரியாது. அள்ளினதைப் பாதியாக்கினார், அதையும் பாதியாக்கினார், ரொம்பக் கொஞ்சமாக இருக்கிறதே என்று ஒரு கை கூடப் போட்டார். வெந்து வந்தபோது முப்பது பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் பெரிய தூக்கு நிரம்பி, மிச்சத்தை ஒரு குண்டானில் வைத்துத் துணி கட்டினோம்.

குடும்பத்தை விட்டுத் தனியாகப் போக ஆசைப்பட்டவள் நான். அரக்கோணம் வருவதற்குள் ரயிலில் ஒரு பெட்டி ஜனத்துக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன்! எதிரில் லுங்கி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பொதட்டூர்பேட்டை நெசவாளி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கல்யாணத்துக்குப் போய்கினு இருக்கீங்களா?" என்று கேட்டார். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு "ஆங்" என்று தலையாட்டிவிட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

கடலைப் பார்த்ததும் சின்னவள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெரியவன் அலையோடு சண்டை போட்டான். அவர் என் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க மணலில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தை நீட்டினார். ஒரு நாளும் பேசாத கதையெல்லாம் பேசினார். சின்ன வயதில் பாவா முதுகில் ஏறிக்கொண்டு மலைப்படி ஏறினதைச் சொன்னார். அவர் இவ்வளவு பேசுவார் என்றே எனக்குத் தெரியாது அக்கா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரத்தில் பெரியவன் ஓடி வந்து, "பெரிம்மாக்கு ஒரு அலை எடுத்துகினு போலாம்" என்று புட்டி கேட்டான். அதோடு நான் சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன். கால் வீங்கி, பிள்ளை முகம் பார்க்காமல், காலி வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தது.

நாலு நாள் முடிந்து, ஒரு நடுப்பகலில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தோம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பிள்ளைகள் கடல்தண்ணீர்ப் புட்டியோடு முன்னால் ஓட, என்ன முகத்தோடு உங்களைப் பார்ப்பது என்று தயங்கிக்கொண்டே நான் உள்ளே வந்தேன்.

நீங்கள் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். வீக்கமெல்லாம் எங்கே போனதோ! பாவா குனிந்து உங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி, பின்கட்டு வழியாக வெளியேறிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவரைக் காணோம்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தொடையிலும் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள். மூன்று நாள் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை, அத்தையிடம் என்ன சொல்லி வீட்டில் தங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றீர்கள். அப்புறம்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுற மனுசன், நாலு நாளா எனக்கு ஆக்கிப் போட்டாருடி. இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருசத்துல இப்பதான் சோறு சுடச்சுடச் சாப்புடுறேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. உங்கள் இலையில் மிச்சமிருந்த ரசச்சோற்றைப் பெரியவனுக்கு ஒரு வாய், சின்னவளுக்கு ஒரு வாய், எனக்கும் ஒரு வாய் ஊட்டினீர்கள். அப்படி ஒரு ரசம் நான் சத்திரத்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

அடுத்த கோடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இந்த வருஷம் எந்த ஊர் போகிறாய் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். முதல் நாலு நாள் நாங்கள் எங்காவது போவோம், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், பிறகு எல்லோரும் பள்ளிப்பட்டில் சேர்ந்துகொள்வோம் என்று அதுவே வழக்கமாகிவிட்டது. அத்தைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வருஷா வருஷம் மாம்பழம் பழுக்கிற சமயத்தில்தான் இவளுக்குக் கால் வீங்குகிறது என்று தோப்பில் வைத்துச் சொல்லிவிட்டு, பல்லில்லாத வாயால் சிரிப்பார்கள்.

என் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு லீவுக்கும் கூட்டமாகப் போவதா, தனித்தனியாகவா என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் போங்கள் என்கிறேன். என்ன பாட்டி பதில் இது என்று கேலி செய்கிறார்கள்.

நீங்கள் கண் மூடிய பிறகு இந்த வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் பல நாள் தவித்திருக்கிறேன். ஆனால் எத்தனை பேர் விருந்துக்கு வந்தாலும் இங்கே முதல் பந்தியில் எனக்கும் இலை விழுகிறது. யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆவி பறக்கிற சோற்றில் கை வைக்கிறேன். விரல் சுடுகிறது அக்கா. ஊதி ஊதிச் சாப்பிடுகிறேன்.