ஸ்னூஸ் பேணியில் திருநீறு

இக்காஸ்ட், டென்மார்க்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள நிலக்சியின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் வீடியோவில் முகம் பார்க்கிற மனிசனுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் தொடங்கினால் "ஓம் ஓம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அங்கே உங்கள் அறையில் கூட வேலை செய்கிறவர்கள், இங்கே கதவுக்குப் பின்னால் மகள். உங்களோடு வேலை செய்கிற, லீவில் வந்த ஆனந்தராஜா அண்ணை ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஸ்வீடனுக்கு வருகிறார். அவரிடம் உறையை ஒட்டித்தான் கொடுப்பேன். தனியே இருந்து வாசியுங்கள்.

முதலில் வீட்டுச் சங்கதி. காருக்குக் குளிர்கால ரயர் மாற்றியாயிற்று. என் பிளையஹெம் முதியோர் இல்லத்தில் ஆள் காணாது, முதியவர்களைக் குளிப்பாட்டவும் நான், சாப்பாடு தீத்தவும் நான். உங்களுக்குத் தடித்த காலுறை வாங்கி அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். பிரஷர்க் குளிசையை மறக்காமல் போடுங்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஏன் என்று கீழே வரும்.

போன மாதம் நிலக்சியின் ஹான்ட்போல் மட்ச் நடந்ததல்லவா. முதல் பாதி முடிய முன்னரே பிள்ளை வாங்கில் வந்து குந்திவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாளாம், பிறகு சத்தி எடுத்தாளாம். பயிற்சியாளர் எனக்குப் போன் எடுத்தார். உங்களிடம் "ஏதோ சாப்பாடு ஒத்துவரவில்லை" என்று மட்டும்தான் சொன்னேன். நான் நினைத்தது கண்ணூறு. அதற்கு முதல் கிழமைதான் அவளுடைய படம் பேப்பரில் வந்து, ஊர் முழுக்க வடிவு வடிவு என்று சொன்னார்கள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். புகை எச்சரிக்கை மணி அடித்துப் பக்கத்து வீட்டு டெனிஷ்காரி ஓடிவந்தாள். பிறகு பேணியைத் திறந்து, திருநீறு எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டேன். அவள் அந்தப் பேணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

எந்தப் பேணி என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் வரும்போதெல்லாம் கார்க் கதவுப் பைக்குள்ளும் ஜக்கெட்டுக்குள்ளும் விட்டுவிட்டுப் போகிற அந்தச் சின்ன வட்டப் பேணிதான். "தொண்டைக்கு மிண்ட்" என்றீர்கள். நானும் நம்பினேன். சிகரெட் மணத்தைப் பிடிக்கத் தெரிந்த மூக்குக்குப் புதினா மணத்தைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. ஒரு நல்ல பேணியை எங்கள் ஆட்கள் எறிவார்களா? ஐஸ்கிறீம் பெட்டிக்குள் மீன்கறி வைக்கிற வீடு இது. அந்தப் பேணியின் மூடிக்கு மேலே இன்னொரு குட்டி மூடி இருக்கிறது. கீழே திருநீறு, மேலே குங்குமம், அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கழுவி, துடைத்து, காயவைத்து, நவராத்திரிக்குக் கோயிலுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தேன். "யோகமலருக்கு என்ன மூளை" என்று அவர்களும் மெச்சிக்கொண்டு வாங்கினார்கள்.

தலைவாசலில் பெடியன்கள் பெட்டைகள் கூடி நின்று போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். செல்வரட்ணம் அண்ணை, எங்கள் கோயில் செயலாளர், என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, இது சுவீடன்காரர் சொண்டுக்குள்ள வைக்கிற புகையிலைப் பேணி. பிள்ளையள் படத்தை எல்லா இடமும் அனுப்பிப்போட்டுதுகள்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கொடுத்த பேணிகளை ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திருப்பி வாங்கி, கடதாசியில் மடித்துத் திருநீறு கொடுத்தேன். சிலர் தரமாட்டோம், பேணி நல்லாயிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

வெட்கத்தைக்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து மகளிடம், நான் மாதக்கணக்காகக் குசினியில் இதைக் கழுவி அடுக்குகிறதைப் பார்த்தாயே, ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். தமிழில் சொல்லடி என்றேன். அவள் வாயைத் திறக்க, மேல் உதடு ஒரு பக்கம் பொம்மியிருந்தது, உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் பை.

இந்த இடத்தில் எழுந்து போய்க் குசினியில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

கோடையில் நீங்கள் திரும்பிப் போன அன்று உங்கள் பழைய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாளாம். அப்பாவின் மணம் அதில் இருந்ததாம். பொக்கற்றுக்குள் பேணியும் இருந்தது. அதிலிருந்த ஒரு பையைச் சொண்டுக்குள் வைத்த முதல் நாள் தலை சுற்றிச் சத்தி வந்ததாம், ஆனாலும் அடுத்த நாளும் வைத்தாளாம். அது முடிய, கூட விளையாடுகிற, பதினெட்டு வயது கடந்த பெட்டையளைக் கொண்டு இங்கே கடையில் வெள்ளைப் பை வாங்குவித்திருக்கிறாள். மட்ச் அன்று பதற்றத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்திருக்கிறாள். நான் கண்ணூறு கழித்தேன்.

பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பிள்ளையின் சொண்டைத் தூக்கிக் காட்டினார். பை வைக்கிற இடம் வெளிறிச் சுருங்கி, ஒரு பல்லைப் பிடித்திருக்கும் முரசுச் சதை மேலே ஏறிப்போய்விட்டது. ஏறின முரசு தானாகத் திரும்பி வராதாம். நான் விடாமல் கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் வைக்கிற பழுப்புப் பைக்குள் அரைத்த புகையிலையும் உப்பும். அதை ஸ்வீடனில் விற்கலாம், இங்கே விற்க முடியாது. பிள்ளை வைக்கிற வெள்ளைப் பைக்குள் இலை இல்லை, நிக்கொடினை மட்டும் எடுத்து ஏதோ செடிநாரில் ஊறவைத்தது. இங்கத்தைப் பிள்ளைகள் இரண்டையும் ஸ்னூஸ் என்றுதான் சொல்லுகிறார்கள். இலை இல்லை என்பதால் அது பச்சைத் தண்ணீர் இல்லை. சில பைகளில் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவதைவிடக் கூட நிக்கொடின் இருக்கிறதாம். ஒரேயடியாக ஏறாது, முரசு வழியே மெல்ல மெல்ல ஊறும். அதனால்தான் ஆட்களுக்கு அளவு தெரிவதில்லை.

உங்களுக்கு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிகரெட்டில் கொல்லுவது பெரும்பாலும் எரிகிற புகைதான் என்றார். நீங்கள் அதை விட்டதால் உங்கள் நெஞ்சறை தப்பியது உண்மை. வேப் கூட ஆவியை உள்ளே இழுப்பது, ஸ்னூஸில் அது இல்லை. எங்கள் ஆட்கள் வெற்றிலையோடு போடுகிற புகையிலை வாய்ப் புற்றுநோய்க்கு இதைவிடப் பொல்லாதது என்றும் சொன்னார். "அப்ப இது நல்லதோ" என்று கேட்டேன். சிகரெட்டோடு நிறுத்துப் பார்த்தால்தான் அது பாரம் குறைவு, ஒன்றுமில்லாததோடு நிறுத்தால் அது பாரம்தான், இந்த வயதுப் பிள்ளைக்கும் பிரஷர் உள்ள ஆளுக்கும் நிக்கொடின் வேண்டவே வேண்டாம் என்றார். உங்கள் பிரஷரைப் பற்றி நான்தான் சொன்னேன். கோபிக்காதீர்கள்.

காரில் வரும்போது ஏசிக்கொண்டே வந்தேன். உங்களைத்தான். பிள்ளைக்கு ஆறு வயதில், நீங்கள் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து, அவள் தலையில் கை வைத்து இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினீர்கள். அதை நான் சொல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. அந்த மனிசன் சத்தியத்தை மீறிவிட்டார் என்று நான் சொல்ல, அவள் உடனே, "அப்பா மீறேல்லை அம்மா. அவர் சிகரெட்டைத்தான் சொன்னவர், நிக்கொடினைச் சொல்லேல்லை" என்றாள். நல்ல தமிழில் சொன்னாள். ஒரு வசனம் முழுதாகத் தமிழில் அவள் கதைத்து எவ்வளவு காலம். அதுவும் உங்களுக்காக வாதாட.

நானும் அவளும் நகரசபைக் கொம்யூனில் இதை நிறுத்த உதவுகிற ஒரு பெண்ணிடம் போய்வருகிறோம். பைகளைக் குறைத்துக் குறைத்து விடச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்கென்றால் பார்மசியில் அளவு போட்ட நிக்கொடின் சுவிங்கமும் தோலில் ஒட்டுகிற பிளாஸ்ரரும் இருக்கிறதாம், வைத்தியரிடம் கேட்டுத் தொடங்கலாமாம். பிள்ளைக்கு நித்திரை இல்லை, கதவை அடித்துச் சாத்துகிறாள், பிரிட்ஜைத் திறந்தபடி நிற்கிறாள். ஒரு நாள் தவறிவிட்டாள். அதற்கு அந்தப் பெண் ஏசவேயில்லை. பலரும் தவறித் தவறித்தான் இதை விடுவார்கள், ஒளிக்கத் தொடங்கினால்தான் கஷ்டம் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் அவள் தலையில் கை வைத்தபடியால்தான் மிண்ட் என்று ஒளித்தீர்கள். நீங்கள் ஒளித்ததைப் பார்த்து அவளும் ஒளித்தாள். நான் இரண்டு பேருடைய பேணியையும் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் நத்தார் லீவுக்கு வந்து இன்னொரு தரம் அவள் தலையில் கை வைக்க வேண்டாம். சத்தியம் ஒன்றும் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. அந்தக் குளிரில், வேலைத்தளத்தின் அந்த உயரத்தில், அந்த நெஞ்சோடு நீங்கள் ஏறுகிறீர்கள். ஒவ்வொரு நாளும் உங்கள் போன் வரும்வரை நான் வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆனந்தராஜா அண்ணையிடம் திருநீறும் தந்துவிடுகிறேன், கடதாசியில் மடித்து. வேலைக்கு ஏறமுன் பூசுங்கள். பிள்ளையார் உங்களைக் காப்பாற்றட்டும்.

மூன்று நாளாக மகள் பின்னேரம் விளையாடிவிட்டு வந்ததும், நான் கேட்காமலே, மேல் உதட்டைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டுப் போகிறாள். நேற்றுக் காட்டிவிட்டு, "அப்பாவும் காட்டுவாரோ" என்று கேட்டாள். இந்தக் கடிதம் கிடைத்த அன்று வீடியோவில் என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிடுங்கள். உதட்டைத் தூக்கிக் காட்டுங்கள். உள்ளே பை இருந்தாலும் காட்டுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
யோகம்