முதுகுவலி என்று நீ சொன்ன தைலம்

முந்தாநாள் வில்லியனூரில் பாயின் நாட்டு மருந்துக் கடைக்குள் காலை வைத்ததும் உன் வாசனை அடித்தது. நீ குளிக்கிற சந்தன சோப்பு வாசனை இல்லை. சாயங்காலத்தில் பூசிக்கொள்வாயே, அந்தக் கறுப்புத் தைலத்தின் வாசனை. மாமியாருக்குக் கஷாயச் சரக்கு வாங்கப் போனவள், அதை மறந்துவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு தட்டு தட்டாகத் தேடினேன். ஒரு குட்டிப் புட்டி கிடைத்தது.

"பாய், இது ஒண்ணு குடு. எனக்கும் முதுகுவலி கொல்லுது" என்றேன்.

பாய் சிரித்தார். "இத யாரும்மா முதுகுக்குத் தேய்ப்பா? மார்ல கட்டி கண்டா பூசறது இது. நல்லா இருக்கற பொம்பள, கீழ வையி."

கீழே வைத்தேன். சரக்கு வாங்காமலே பஸ் ஏறி உறுவையாறு வந்து சேர்ந்தேன். மாமியார் திட்டினதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. நான் பதில் பேசாததைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை. தப்பு இருந்தால் சிவப்பு மசியில் சுழித்துக்கொள்.

நீ போனபோது எல்லோரும், நோய் திடீரென்று வந்து திடீரென்று கொண்டுபோய்விட்டது என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக நானும் அப்படித்தான் நம்பினேன். திடீரென்று இல்லை. எங்கள் வீட்டில் குடியிருந்த காலத்திலேயே உனக்குத் தெரியும். அந்தத் தைலத்தை உன் முதுகில் தேய்த்துவிட்டவளே நான்தான். நீ முதுகை மட்டும்தான் காட்டினாய். எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

டவுனிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்து, மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்து அறையில் குடியேறினாய். "எங்க மாட்டுக்கு மட்டும் குட்மார்னிங் சொல்லிடாத டீச்சரு, அப்பறம் பால் கறக்காது" என்றேன். நீ முறைப்பாய் என்று பார்த்தால், மறுநாள் காலையில் நிஜமாகவே மாட்டுக்கு குட்மார்னிங் சொன்னாய். அன்றைக்கே உன்னை "வாடி போடி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வருஷம் ஒரு கதைப் புத்தகம் வைத்திருந்தார்கள். கடலுக்கு அடியில் போகிற இரண்டு பையன்களின் கதை. மறுநாள் நடத்தப்போகிற பாடத்தை முதல்நாள் சாயங்காலம் தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பாய். நான் மல்லாட்டை, நீ சொல்கிற வேர்க்கடலை, உரித்துக்கொண்டே கேட்பேன்.

"ஒனக்குப் புரிஞ்சா புள்ளைங்களுக்கும் புரிஞ்சிடும் அக்கா."

"அப்ப மக்குத்தனத்துக்கு நான்தான் அளவுப்படியா?"

அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நெட்டையன், குட்டையன் என்று நானே பெயர் வைத்தேன். கடைசியில் நீயும் வகுப்பில் அதையே சொல்லித் தொலைத்தாய்.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, முழுகிப்போன ஒரு படகைத் தேடி இரண்டு பேரும் இறங்குகிறார்கள். பாதாளத்தில் குட்டையனுக்குக் காற்று நின்றுவிடுகிறது. நெட்டையன் தன் குழாயைக் கொடுக்கிறான். இவன் ஒரு மூச்சு, அவன் ஒரு மூச்சு என்று மாறிமாறி இழுத்து மேலே வந்து சேர்கிறார்கள். வந்து பார்த்தால் குட்டையனின் குழாய் கிழிந்திருக்கிறது. யார் அறுத்தது? படகில் இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினாய் பார், அன்றைக்கு உன்னை அடிக்கலாம் போல இருந்தது.

"நெட்டையன்தான்டி அறுத்தான். அவன் முழியே சரியில்ல."

"அவன் முழிய நீ எப்பக்கா பாத்த?"

"முடிவ மட்டும் சொல்லேன்."

"சொன்னா நாளைக்குத் தண்ணிக் கொழாயாண்டயே ஊருக்கெல்லாம் சொல்லிடுவ."

நிஜம்தான். சொல்லியிருப்பேன்.

அப்புறம் அந்த மூச்சுத் தகராறு வந்தது. மேலே ஏறும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே வர வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. வகுப்பே கத்தியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளி வளர்க்கப்பட்டவர்கள். கடைசி பெஞ்சு அஞ்சலை எழுந்து, "மூச்ச வுட்டா முழுகிடுவோம் டீச்சர், புக்கு தப்பு" என்றாளாம். முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தாய். நானும் உன் பக்கம் நிற்கவில்லை.

"அத எழுதனவன் கெணத்தையே பாத்திருக்க மாட்டான்டி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயே கேட்டாய், "என்னைக் கெணத்துல எறக்குவியா அக்கா?" என்று. உள்பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டி, அதற்கு மேல் ஒரு பழைய சட்டையும் மாட்டிக்கொண்டு படியில் நடுங்கிக்கொண்டு நின்றாய். முதுகில் குடுக்கையைக் கட்டிவிட்டு, உன் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டேன்.

"அக்கா, கைய வுட்டுடாத."

"வுட்டுட்டா முடிவ எவ சொல்லுவா? புடிச்சிக்கினுதான் இருக்கேன், முழுகு."

ஒரு தடவை மூச்சை அடக்கி முழுகினாய். ஒரு தடவை குமிழி விட்டுக்கொண்டே முழுகி, தண்ணீரைக் குடித்து, பூனை மாதிரி என் தோளில் தொத்தி ஏறினாய். இருமல் நின்றதும் கத்தினாய், "அக்கா, புரிஞ்சிடுச்சு! நாம மேலருந்து ஒரு மூச்ச எடுத்துக்கினுதான் உள்ள போறோம். அவங்க அடியில போயி உருளையிலருந்து புதுசா இழுக்கறாங்க. தண்ணி அழுத்தத்துல அந்தக் காத்து அமுங்கி இருக்கும். மேல வரவர உப்பும். அடக்கினா நெஞ்சு வெடிச்சிடும்." கிணற்றில் அஞ்சலை சொன்னது சரி, கடலில் புத்தகம் சொன்னது சரி என்று திங்கட்கிழமை வகுப்பில் சொல்லப்போவதாகக் குதித்தாய்.

ஈரத்தோடு மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் போனாய். துணியை எடுத்துக்கொண்டு நானும் வந்தேன்.

"வராதக்கா. அங்கேயே வெச்சிடு."

"இன்னாடி, எங்களுக்கு இல்லாதது ஒனக்கு இன்னா கீது?"

"தங்கம் வெச்சிருக்கேன்" என்றாய் அங்கிருந்தே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். நடுக்கிணற்றில் உயிரை என் கையில் கொடுத்தவள், பத்து அடி தள்ளி வந்ததும் மறைத்துக்கொண்டாய். இதை நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதை முடிகிற அன்றைக்குச் சோற்றுக் கேரியரைக் கொண்டுவந்த சாக்கில் வகுப்பு ஜன்னலில் நின்றேன். யாருமே அறுக்கவில்லை. குழாய் முதல்நாளே லேசாக வெடிப்பு விட்டிருக்கிறது. குட்டையனுக்கு அது தெரியும். தெரிந்தே மறைத்து இறங்கியிருக்கிறான். நெட்டையனைச் சந்தேகப்பட்டு நான் திட்டின திட்டெல்லாம் வீண்.

"ஏன் அவன் கூட்டாளிகிட்ட சொல்லல?" என்று வகுப்பைக் கேட்டாய். பயம் என்றது ஒன்று. திமிரு என்றது ஒன்று. அஞ்சலை எழுந்தாள்.

"சொன்னா எறங்க வுட மாட்டாங்க டீச்சர். கரையிலயே குந்த வெச்சிடுவாங்க."

நீ கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தாய். அப்புறம், "இருந்தாலும் தப்பு. கூட வர்றவங்ககிட்ட சொல்லணும். அவங்க உயிரும் இதுல இருக்கு" என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. சாக்பீஸ் தூசி என்று நினைத்தேன். ஜன்னலிலிருந்து நான், "குட்டையன் திருட்டுப் பையன்னு நான் அப்பவே சொன்னேனே!" என்று கத்தினேன். அண்டப்புளுகு. உனக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய்.

கோடை லீவுக்கு டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போனாய். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முருங்கைக்கீரையும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய். கை குச்சியாக இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. சின்னக் கட்டி, எடுத்துட்டாங்க. லீவு முடிஞ்சதும் வந்துடுவேன். ரூம யாருக்கும் வுட்டுடாத."

நம்பினேன். வீட்டுக்கு வந்து உன் அறைக்கு நானே வெள்ளையடித்தேன். பல்லியை விரட்டினேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு உன் டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக உன் அண்ணன் வந்தார். மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

அஞ்சலை சொன்னதுதான் உன் காரணமாக இருக்கும். சொல்லியிருந்தால் உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பெரியாஸ்பத்திரியில் போட்டிருப்பேன். பள்ளிக்கூட வேலை போயிருக்கும், புத்தகம் பாதியில் நின்றிருக்கும். அப்போது அந்தக் கட்டி மல்லாட்டை அளவுதான் இருந்திருக்கும். நீ பிழைத்திருக்கலாம். பிழைத்திருக்க மாட்டாய் என்று யாராவது எனக்குச் சொன்னால் அவர்கள் காலில் விழுவேன். சொல்ல ஆள் இல்லை. இல்லை, காரணம் நான்தானோ என்னவோ. எதைச் சொன்னாலும் சிரிப்பாக்கிவிடுகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தாயா? சிரித்திருக்க மாட்டேன்டி. அது ஒன்று உனக்குத் தெரியவில்லையே.

இப்போதும் ஊரையே கேலி பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நடவுக்குப் போனால் என் வரப்பில்தான் சிரிப்பு கேட்கும். பாய் கடையிலிருந்து வந்தபின் அது பிடிக்கவில்லை. சிரிக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். இவள் எதை மறைக்கிறாள், அவள் எதை மறைக்கிறாள் என்றே மனசு ஓடுகிறது.

கட்டிக்கொடுத்த என் மகள் நேற்று வந்தாள். முகம் வாடியிருந்தது.

"இன்னாடி ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, பஸ்ல வந்தது அசதி."

கதவைச் சாத்தினேன். "ரவிக்கைய அவுரு" என்றேன். விளையாடுகிறேன் என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். என் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் நின்றபடியே அழுதாள். ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை.